டீச்சரம்மாவின் தொகுதி

சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர். அமைச்சரான பிறகும் ஊருக்கு அவர் டீச்சரம்மாதான். ஆரம்பத்தில் அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறைகூடக் கிடையாது. எதிரே இருந்த நூலகத்துக்கு ஓடிவிட்டு வருவார். சபையில் சிலர் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண் பிள்ளைகளுக்கென்று ஒன்பது உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அவர் ஜெயித்த மூன்று தேர்தலிலும் கூடவே நின்றவன் தம்பி. அவர் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் வேண்டாமென்றே விட்டு, படிக்கவைத்தவன். சுவரொட்டி, மேடை, ஆள் திரட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு.

நான்காவது தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் வந்த அன்று கட்சி அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் முகம் பார்க்காமல் தாளை நீட்டினார். அவருடைய தொகுதிக்கு நேரே தம்பியின் பெயர்.

"அச்சுல தப்பு வந்திருக்கு."

"தப்பில்லம்மா. தம்பி போன மாசமே கையெழுத்துப் போட்டாச்சு. செலவக் கொறைக்க, நீங்க திறந்ததுல அஞ்சு பள்ளிக்கூடத்த மூடவும் சம்மதிச்சுட்டாரு."

அந்த மாதம் முழுக்க அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து அவருக்காகப் பிரசாரத் திட்டம் போட்டவன் அவன். அவர் வீட்டுக்குத் திரும்பியபோதும் அதே மேசையில்தான் இருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா விடமாட்டியேக்கா. சீட்டு நம்ம வீட்டுலதான இருக்கு?"

"பள்ளிக்கூடம்?"

"அதெல்லாம் அரசியல்க்கா. உனக்குத் தெரியாததா?"

"தெரியலையே. பக்கத்துலயே வச்சிருந்தும் தெரியல."

சுயேச்சையாக நின்றார். எந்தத் தெருவில் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் தம்பிக்கு அத்துப்படி. அவருக்கு டெபாசிட்டும் போனது. அவர் பள்ளியில் படித்த பெண்களே பலர் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

மூன்று பள்ளிகளைப் பூட்டினார்கள். மற்ற இரண்டின் வாசலில் தாய்மார்கள் எட்டு நாள் உட்கார்ந்ததால் அவை தப்பின. ஆனால் அங்கிருந்த ஆசிரியர்களை அரசு திருப்பி அழைத்துக்கொண்டது. டீச்சரம்மா அவற்றில் ஒன்றுக்குப் போய் மறுபடி கணக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார்.

ஒரு வருடம் கழித்து, பார்வையிட வந்த சட்டமன்ற உறுப்பினர் வகுப்பு வாசலில் நின்றார்.

"அக்கா."

அவர் கரும்பலகையிலிருந்து திரும்பினார். பிறந்ததிலிருந்து வாடா போடா என்றே கூப்பிட்ட தம்பி.

"பாடம் நடக்குதுங்க. ஆபீஸ் ரூம்ல உட்காருங்க," என்றார்.

அவன் முகம் வெளிறியது. திரும்பிப் போனான். டீச்சரம்மா முதல் வரிசைப் பெண்ணிடம், எங்கே விட்டோம் என்று கேட்டார்.