தோளளவு

"கண்ண மூடு. தூக்கித் தோள்ல வை. இப்பத் தொற" என்றார் அப்துல் காதர்.

உலகநாதன் கண்ணைத் திறந்தான். எதிர்ச்சுவரில் சாக்கட்டியால் போட்ட வட்டம் தெரியவில்லை. அதற்கு ஒரு முழம் மேலே இருந்த ஃபேன் சுவிட்ச்தான் தெரிந்தது. கையில் இருந்ததை இன்னும் துப்பாக்கி என்று சொல்ல முடியாது. முக்கால்வாசி செதுக்கிய அக்ரூட் மரக்கட்டை, அதில் சிவஞானம் சாருடைய பழைய ரைஃபிளிலிருந்து கழற்றிய இரும்பு உடம்பு, முன்னால் புதுக் குழல். விசை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. காதர் பாய் கட்டையை வாங்கி, அவன் கன்னம் பட்ட இடத்தில் பென்சிலால் கோடு கிழித்தார். "மூஞ்சி மேல நிக்குது. இங்க எறக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அரத்தை எடுத்தார். ஹைதராபாத் நாச்சாரத்தில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனிக்கும் கார் ஸ்பிரிங் அடிக்கிற ஷெட்டுக்கும் நடுவே அவருடைய துப்பாக்கிப் பட்டறை. ஸ்பிரிங் ஷெட்டில் சம்மட்டி விழும்போதெல்லாம் மேசைமேல் மரத்தூள் ஒரு தரம் எழும்பி உட்கார்ந்தது.

வேட்டை வேட்டை என்று ஊரில் சொல்வார்களே தவிர, சிவஞானம் சார் அடிப்பது காட்டுப்பன்றியை மட்டும்தான். பயிரை உழுதுபோட்டுவிடுகிறது என்று கிராமத்துக்காரர்கள் எழுதிக் கேட்டு, அதிகாரிகள் அனுமதி கொடுத்தால் போவார். குஷாய்குடா எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் பெரிய வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். சேவை மாதிரி செய்கிறார். கிராமத்துக்குள் வண்டி நுழைந்ததும் "ஷிகாரி சார் வச்சாரு" என்று பிள்ளைகள் பின்னால் ஓடிவரும், வேட்டைக்கார சார் வந்துவிட்டாராம். ஊர்த்தலைவர் சர்பஞ்ச் கார்க் கதவைத் திறந்துவிடுவார். அந்தக் கதவு திறக்கும்போது சாருடைய முகத்தைப் பார்க்கவேண்டும். காரோட்டுகிற உலகநாதன் கண்ணாடியில் பத்து வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

துப்பாக்கி அவருக்கு, அளவுக்கு நிற்பது இவன். "உனக்கும் எனக்கும் ஒரே ஒசரம், ஒரே கை நீளம். என் சட்டை உனக்குச் சரியா இருக்கா இல்லையா? நீயே போய் நில்லுப்பா, எனக்கு முதுகு முடியல" என்று சார் சொல்லிவிட்டார். சட்டை விஷயம் நிஜம்தான். சாருடைய மனைவி வேதவல்லியம்மா கொடுக்கிற பழைய சட்டைகள் தையல்காரனிடம் போகாமலே இவனுக்குப் பொருந்தும். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து, சிறுவயதில் சம்மட்டி பிடித்து, கொஞ்சகாலம் ஹோம்கார்டாக நின்று, பிறகு ஸ்டியரிங் பிடித்த உடம்பு எப்படி ஒரு என்ஜினியர் உடம்பின் அளவுக்கு வந்து நின்றது என்று அவனுக்கே தெரியாது.

புதுத் துப்பாக்கிக்குக் காரணம் போன மழைக்காலத்தில் நடந்தது. சங்காரெட்டி தாண்டி ஒரு மக்காச்சோளக் கொல்லை. ஒரு கோடியில் சார் துப்பாக்கியோடு நிற்பார். மறுகோடியிலிருந்து ஊர்க்காரர்கள் வரிசையாகச் சத்தம் போட்டுக்கொண்டு நடந்து பன்றியை அவர் பக்கம் விரட்டவேண்டும். ஆள் குறைந்தால் உலகநாதனும் வரிசையில் சேருவான். ஆள் எப்போதும் குறையும். அன்றைக்கு வெடிச்சத்தம் கேட்டபோதே முழங்காலுக்குக் கீழே என்னவோ பீறிட்டு அடித்தது. சுடச்சுட இருந்தது. ரத்தம் என்றுதான் நினைத்தான். கீழே உட்கார்ந்து காலைத் தடவித் தடவிப் பார்த்தான். சொட்டுநீர்க் குழாய் கிழிந்திருந்தது. வெயிலில் கிடந்த தண்ணீர். பன்றி அவனுக்கு இடப்பக்கம், ஒரு வீட்டு மனை தூரத்தில் ஓடியிருந்தது. சார் வந்து குழாயைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "பேரல் தேஞ்சுபோச்சு நாதா. குண்டு எங்கெங்கயோ போகுது" என்றார். திரும்பி வரும்போது வழியெல்லாம் பேரலைப் பற்றியே பேசினார்.

தேய்ந்தது எது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? காரில் ஏறும்போது கைப்பிடிக்குப் பக்கத்துத் தகரத்தை அவர் கை தடவும். வலதுபக்கம் வைத்த டீ ஆறிப்போய் அப்படியே இருக்கும். யாராவது வலதுபக்கமிருந்து வணக்கம் சொன்னால், சத்தம் வந்த திசைக்குத் தலை முழுதும் திரும்பி, இடது கண் வந்து சேர்ந்த பிறகுதான் சிரிப்பு வரும்.

அன்றைக்குப் பட்டறையில் டீ வந்தது. காதர் பாய் அரத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். வாணியம்பாடிக்காரர், ஹைதராபாத்தில் தாடி வெளுத்தவர்.

"ஒண்ணு சொல்லட்டா உலகு? பிரிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பழைய ரைஃபிள மேசையில இறுக்கிக் கட்டி, ரேஞ்சுல அடிச்சுப் பாத்தேன். அடிச்சதெல்லாம் இந்த கிளாஸ் வாய்க்குள்ள அடங்குது."

"பேரல் போச்சுன்னாரே சார்."

"பேரல் போகல."

ஸ்பிரிங் ஷெட்டில் சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. உலகநாதன் டீயில் மிதந்த மரத்தூளை விரலால் எடுத்தான்.

"நீங்க சொல்லுங்க பாய் அவர்கிட்ட."

"நா சொன்னா வேற பட்டறைக்குப் போவாரு. நீ சொல்லேன்."

"நான் சொன்னா வேற டிரைவருக்குப் போவாரு."

காதர் பாய் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். "கைக்கு, எதுக்கு இந்த வம்பு? ரெண்டு பேரும் டீய குடிப்போம், ஹவ், சரியா?" என்றார். அப்புறம் இரும்பின் அடியில் விளக்குக்கரியைப் பூசி, கட்டைக்குள் உட்காரவைத்து எடுத்தார். கரி ஒட்டிய இடமெல்லாம் மரம் மேடாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த மேட்டை மட்டும் சுரண்டவேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். இரும்பும் மரமும் ஒரு மயிரிழை இடம் விடாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்வரை அதேதான். பார்க்கிறவனுக்கே கை வலிக்கும் வேலை.

லோத்குண்டாவில், மிலிட்டரிக் காம்பவுண்டை ஒட்டி சாருடைய வீடு. அதன் பின்கட்டில் இரண்டு அறை உலகநாதனுக்கு. அவன் வாயைத் திறக்கமுடியாததற்குக் காரணம் அந்த இரண்டு அறைதான். வேறு எதையும் அவன் காரணமாகச் சொல்லிக்கொண்டதில்லை. மனைவி பானுவிடம் சொன்னான். அவள் காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு தெரியாதவன் துப்பாக்கி முன்னால நீ இன்னாத்துக்குப் போற? நக்கோ, வரலன்னு சொல்லிட்டு வா."

"சொல்லிட்டு எங்க போறது?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். கட்டிலில் போனை நோண்டிக்கொண்டு படுத்திருந்த மகள் ப்ரியா, தலையைத் தூக்காமலே, "நேனு ரானனி செப்பெய் நானா, அந்தே" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லிவிடு அப்பா, அவ்வளவுதான். அவளுக்கு எல்லாமே அந்தே.

வேதவல்லியம்மாவுக்கும் தெரிந்திருந்தது. சாருக்குச் சொட்டு மருந்து விடுவதே அவர்தானே. ஒருநாள் துணி காயப்போடுகிற சாக்கில் பின்கட்டுக்கு வந்தார். "கத்தி வச்சாலும் அந்தக் கண்ணு வராதுன்னுட்டார் டாக்டர். பேப்பர் படிக்கறத விட்டாச்சு. இதையும் விடச் சொன்னா மனுஷன் என்ன பண்ணுவார், நீயே சொல்லு. நீ மட்டும் அவர் கூடவே இருப்பா நாதா." உலகநாதன் தலையாட்டினான். கூட இருப்பது ஒன்று, முன்னால் நடப்பது ஒன்று. அந்த வித்தியாசத்தை ஈரத்துணி பிழிந்துகொண்டிருக்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு பட்டறைக்குப் போகும்போதெல்லாம் துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக அவன் பக்கம் வந்துகொண்டிருந்தது. பின்புறத்தை அரை விரல் வெட்டினார்கள். கைப்பிடியின் கழுத்தை அவன் கட்டைவிரல் தடிப்புக்கு ஏற்பக் குடைந்தார்கள். கை வழுக்காமலிருக்க, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகளைப் பின்னுவதற்குக் காதர் பாய் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் குனிந்திருந்தார். கடைசியில் எண்ணெய் ஏற்றினார். உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து. மரத்துக்குள் அதுவரை ஒளிந்திருந்த கறுப்பு ரேகைகள் நெருப்புப் புகை மாதிரி மேலே வந்தன. அன்றைக்கு அவன் கண்ணை மூடி, தூக்கி, தோளில் வைத்துத் திறந்தான். குழல் நுனியில் நிற்கும் சின்ன முள், சாக்கட்டி வட்டத்தின் நடுவில் நின்றது. அவன் எதையும் சரிசெய்யவில்லை. கன்னம் தானாகப் போய்ப் படுத்தது. தோளில் கனமே தெரியவில்லை. ஊரில் யாரும் எனக்கென்று ஒரு செருப்புக்கூட அளவெடுத்துச் செய்ததில்லை என்று நினைத்தான். நினைத்ததும் எரிச்சல் வந்தது. இது தன்னைப் பார்த்து நீட்டப்படப்போகிற குழல் அல்லவா?

"மஷா அல்லாஹ். உனக்குன்னே பொறந்தது" என்றார் காதர் பாய். சொன்னபிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியைத் தேடினார்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. பட்டறையில் பேப்பரில் கையெழுத்துப் போட்டு வாங்கியது சார்தான். ஹாலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு, மரத்தை விரல்களால் மெதுவாகத் தடவினார். தோட்டா போடுகிற வாயைத் திறந்து மூடும் போல்ட்டை இழுத்தார், தள்ளினார். எண்ணெய் போட்ட சத்தம் கேட்டுத் தலையாட்டினார். தோளுக்கு மட்டும் தூக்கவில்லை. உலகநாதன் வாசலில் நின்று அதற்காகத்தான் காத்திருந்தான். தூக்கினால் கண் விஷயம் வெளியே வந்துவிடும், ஏதாவது பேசவேண்டி வரும். சார் அதை உறையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த அழைப்பு நர்சாபூர் பக்கத்திலிருந்து வந்தது. விடியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கதிர் பிடித்த சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. ஓரமெல்லாம் பன்றி படுத்துப் புரண்டு நாசம். சர்பஞ்ச் கதவைத் திறந்துவிட்டார், பேசினார், பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரப்பைச் சுற்றி மறுகோடிக்கு நடந்தார். உலகநாதன் வண்டியைப் பூட்டிவிட்டுத் துண்டைத் தலையில் கட்டினான். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆட்கள் போன வரப்பைப் பார்த்துத் திரும்பினான். ஒரு எட்டு வைத்தும்விட்டான்.

"எங்க போற?"

"லைனுக்கு சார்."

"நில்லு."

சார் உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, குழலைத் தரைக்குத் தாழ்த்தி, அவனிடம் நீட்டினார். "நீ அடி."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகுதான் வார்த்தை காதில் ஏறியது.

"எனக்கு லைசென்ஸ் இல்ல சார்."

"எனக்குக் கண்ணு இல்ல."

எங்கோ ஒரு மோட்டார் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. சார் சோளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இவ்வளவு நாளா நீ ஒரு வார்த்த சொல்லல."

"நீங்களும் சொல்லல சார்."

"அதுவும் சரிதான்" என்றார். "அன்னிக்கு நீ உக்காந்து காலத் தடவினத பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன். அதனாலதான் அளவுக்கு உன்ன அனுப்பினேன்."

"கேஸ் ஆச்சுன்னா?"

"நான்தான் அடிச்சேன்னு சொல்வேன். அந்தக் கோடில நிக்கறவங்களுக்குச் சத்தம் கேட்டாப் போதும். யார் அடிச்சான்னு பன்னியா சாட்சி சொல்லப்போகுது?"

உலகநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹோம்கார்டாக ஸ்டேஷன் வாசலில் நின்ற காலத்தில், பெரிய மனிதர் ஒருவரும் அவருடைய டிரைவரும் சேர்ந்து உள்ளே போனால், யார் டீ குடித்துவிட்டு வெளியே வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று பார்த்திருக்கிறான். சார் பொய் சொல்லவில்லை. சொல்வேன் என்றால் சொல்வார். அதை எவன் எழுதிக்கொள்வான் என்பதுதான் விஷயம். வேண்டாம் என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் அது அவர் தோளுக்குப் போகும். இவன் சோளத்துக்குள் போகவேண்டும். வண்டிச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தால், பானுவிடம் மூட்டை கட்டச் சொல்லவேண்டும்.

"வரிசைல ஒரு ஆள் குறையும்" என்று சார் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். "நான் போறேன்."

"சார், நீங்க..."

"எனக்குக் கண்ணு தெரியாது. உனக்குத் தெரியும்ல. அது போதும்." சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பைக் காலால் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டு போனார். மறுகோடியில் ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, கொஞ்ச நேரம் பேச்சுச்சத்தம் கேட்டது. அப்புறம் கூச்சல் எழுந்தது. ஹோ ஹோ என்று பத்துப் பன்னிரண்டு தொண்டைகள். நடுவில் ஒருவர் மட்டும் கத்தாமல் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். பஜனையில் தட்டுவதுபோல, ஒரே சீராக.

உலகநாதன் துப்பாக்கியைத் தூக்கினான். கன்னம் தன் இடத்துக்குப் போனது. முள் சோளக்கொல்லையின் நெஞ்சில் நின்றது. போல்ட் இன்னும் திறந்தே கிடந்தது. தோட்டா அவன் கைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது. கூச்சல் நேராக வந்தது. கைதட்டல் நேராக வரவில்லை. தெரிகிற கண்ணின் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, வரிசையை விட்டு முந்தி, தனியாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம்தான் கதிர்களின் உச்சி ஆடியது. அதற்கு ஒரு வீட்டு மனை தூரத்தில் இன்னொரு உச்சியும் ஆடியது. காற்று இல்லை.

கைதட்டல் நின்றது. சோளம் இரண்டு இடத்திலும் ஆடிக்கொண்டே அவனை நோக்கி வந்தது.