சீந்தில் பொடி

தையற்கூடத்தில் அவளை எல்லாரும் கத்திரியம்மா என்றே அழைத்தனர். நீண்ட மேசையின் மேல் இருபது துணிகளை அடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு, மின்கத்தியால் ஒரே ஓட்டத்தில் வெட்டியெடுப்பது அவளுடைய பணி. மேல் துணிக்குப் பொருந்திய அளவு அடித்துணிக்கும் பொருந்தும் என்பதில் அவளுக்கு ஒருநாளும் ஐயம் எழுந்ததில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு அவள் தன் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தாள். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். தன் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, வாரம் மும்முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தவன். கொடுத்ததை அவள் பெருமையாகப் பேசியதில்லை. வேலைக்குப் புறப்படுமுன் அவனைத் தொலைபேசியில் அழைத்து, "என் பொண்ணு புகுந்த வீட்டுல எப்படிடா இருக்கா?" என்று அந்தச் சிறுநீரகத்தை மட்டும் விசாரிப்பாள். "வேலை ஜாஸ்தின்னு முணுமுணுக்கிறாக்கா, ஆனா ஓடிவரலை" என்பான் அவன்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவளை அசதி விடாமல் பற்றிக்கொண்டது. சந்தையில் வேர்களும் பட்டைகளும் விற்பவர், உடம்பின் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று சொல்லிச் சீந்தில் பொடியைக் கட்டிக் கொடுத்தார். இரண்டு மாதம் வெந்நீரில் கலந்து குடித்தாள், தெம்பு வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் உதித்தது. தன்னிடம் ஒன்று, அவனிடம் ஒன்று. இரண்டும் ஒரே உடம்பில் வளர்ந்தவை. ஒன்றுக்கு ஒத்துக்கொண்டது மற்றொன்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகுமா? பொடியில் பாதியைச் சீசாவில் நிரப்பித் தம்பியின் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.

அவன் தயங்கினான். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்றான்.

"வேலியில படர்ற கொடிடா. இதுக்குப் போயி டாக்டரா? நான் குடிச்சுப் பார்த்துட்டுத்தானே குடுக்கிறேன்" என்றாள்.

உயிரின் பாதியைக் கொடுத்தவளின் சொல்லை அவனால் தட்ட இயலவில்லை.

ஏழு வாரம் கழித்து, வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் கழிவின் அளவு ஒன்றேகாலிலிருந்து இரண்டரைக்கு ஏறியிருந்தது. அன்றே அவனை மருத்துவமனையில் சேர்த்தனர். செவிலியர் கட்டிலருகே அமர்ந்து, மருத்துவமனை கொடுத்ததைத் தவிர வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறானா என்று வினவினார். இல்லை என்றான். பொடி, கஷாயம், நாட்டு மருந்து?

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

அதைச் சொன்னபோது அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் தகட்டைப் பிரித்து விழுங்கும் மாத்திரைதான் மருந்து. சீசாவில் இருப்பது சாப்பாட்டைச் சேர்ந்தது. இந்தச் சமாதானத்தை நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டே அவள் நடைகூடம் வரை வந்துவிட்டாள். தம்பியின் மனைவி பின்னாலேயே வந்து நின்றாள்.

"அண்ணி, அவர் சொல்ல மாட்டார். உங்களைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடுமாம். என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார். நீங்கதான் சொல்லணும்."

கத்திரியம்மா சிறுநீரக மருத்துவரின் அறைக்குள் சென்று, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் கூறினாள்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. அவளுடைய சிறுநீரகம் தம்பியின் உடம்புக்கு என்றும் வெளியாள்தான் என்றார். அந்த வெளியாளை விரட்டாதபடி உடம்பின் காவலை மாத்திரைகளால் அடக்கி வைத்திருப்பதாக விளக்கினார். "நாங்க தூங்க வைக்கிறோம்மா. உங்க பொடி அதை எழுப்பி விட்டிருக்கலாம்" என்றார். பொடி மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது எனினும், பொடியை உடனே நிறுத்த வேண்டும் என்றும், சீசாவைத் தரைத்தளத்தில் உள்ள மூலிகை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் பணித்தார்.

அந்த மருத்துவர் இளம்பெண். மூலிகை மருத்துவத்தை முறையாகப் பயின்று பட்டம் பெற்றவர். பொடியை வெள்ளைத்தாளில் கொட்டி, உருப்பெருக்கியால் பார்த்து, முகர்ந்தார். யாருக்கு, என்ன நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள், கூடவே என்னென்ன மாத்திரை என்று வரிசையாகக் கேட்டார். சந்தைக்காரர் இவற்றுள் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. தானும் அவரிடம் எதையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சீந்தில் நல்ல கொடிதாம்மா. நானே எழுதிக் குடுக்கிறேன். ஆனா உறுப்பு மாத்தினவங்களுக்கு ஒரு சிட்டிகைகூடக் குடுக்க மாட்டேன். இதுல வேற எதுவோ கலந்த மாதிரியும் இருக்கு, சோதனைக்கு அனுப்பணும்." அவர் கடிதம் எழுதி முடித்து நிமிர்ந்தார். "நீங்களும் இதையேதான் குடிச்சீங்களா? உங்களுக்கும் இருக்கிறது ஒண்ணுதானே. இன்னிக்கே ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்தனர். உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கியிருந்தது உறுதியாயிற்று. மூன்று நாள் நரம்பு வழியே மருந்து ஏறியது. நான்காம் நாள் அளவு இறங்கிற்று. ஆனால் ஒன்றே முக்காலில் நின்றுவிட்டது. இருப்பதைக் காப்பாற்றிவிட்டோம், போனது திரும்பாது என்றார் மருத்துவர்.

தம்பி அவளிடம் கோபித்துக்கொண்டான். "ஏன்க்கா சொன்ன? நான் சமாளிச்சிருப்பேன்ல."

"எதைடா சமாளிப்ப? பொய் சொல்லி எனக்கு நல்ல பேர் வாங்கிக் குடுத்துட்டு நீ போயிடுவியா?"

அவளது முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சு அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. அது என்ன என்று கேட்டான். பொடி தன் சிறுநீரகத்தையும் கெடுத்ததா என்று பார்க்க முன்பு கொடுத்த ரத்தம் உறைந்துவிட்டதால் அன்று காலை மீண்டும் எடுத்தார்கள் என்றாள் அவள்.

"என்னோடது கெட்டாலும் உன்கிட்ட இருக்கிறது பத்திரமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். இப்ப அதுக்கும் ஆபத்தா?" என்று கேட்டான்.

தம்பிக்காக அஞ்சியதில் அவள் தன் உடம்பைப் பற்றி ஒரு கணமும் நினைத்திருக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு முடிவு வரும் என்றிருந்தனர். மணியானதும் அவள் மாடிப்படியில் இறங்கிச் சென்று தாளை வாங்கினாள். வரிசையில் நின்ற இடத்திலேயே படித்தாள். அளவு சரியாக இருந்தது. மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு மேலே வந்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் எழுத்தெண்ணி வாசித்தான். வாசித்து முடித்ததும், முழங்கையை ஊன்றி எழுந்து அமர்ந்து, அவளுக்குக் கட்டிலின் ஓரத்தில் இடம் விட்டான்.