வாளிக்குள் பவளம்

பிரிஜட் களவாடுகிறவள்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

சிங்கப்பூருக்குத் தெற்கே, படகேறிப் போகவேண்டிய ஒரு தீவு விடுதியில் அறை சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. பவளத்தைத் தொடாதீர்கள் என்று கரையில் ஆள் உயரப் பலகை நட்டிருந்தார்கள். யார் கேட்டது? நீர் வற்றும் நேரம் பார்த்து விருந்தாளிகள் இறங்குவார்கள். உயிருள்ள பவளத்தைப் பெயர்த்து வந்து குளியலறை வாளியில் கடல்நீரோடு ஒளித்துவைப்பார்கள். பிரிஜட் அதை அழுக்குத் துண்டுகளுக்கு அடியில் வைத்து டிராலியில் தள்ளிக்கொண்டுபோய்க் கடலிலேயே விட்டுவிடுவாள். பறிகொடுத்தவன் எவனும் வாயைத் திறக்க முடியாது. இப்படி ஒரு சௌகரியமான திருட்டு உலகத்தில் உண்டா? மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட அவள் இதைச் சொன்னதில்லை. எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடு என்பார் சாமியார். அதைத்தானே செய்கிறாள்!

எண்பத்தைந்தாம் வருஷத்தில் ஓர் இயற்கை அன்பர் சங்கம் அங்கே விருந்து வைத்தது. தலைவர் அழகப்பன் பேசினார். "பவளம் கடலன்னையின் மழலை! அதைத் தீண்டும் கரம் தீய கரம்!" கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த பிரிஜட்டுக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை அவர் தங்கியிருந்த அறையின் குளியலறையைத் திறந்தாள். வாளியில் தேங்காய்ப் பருமனில் ஒரு மழலை.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் பிரிஜட். அதைக் கடலில் விட்டுவிட்டு வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? கழிவறை பிரஷை எடுத்து வாளியில் நட்டுவைத்தாள்.

அதுதான் வினை. அழகப்பன் பெட்டியும் கையுமாக வரவேற்பறைக்கு வந்து கத்தினார். "திருட்டு! ரூம் சுத்தம் பண்ற அந்தப் பொம்பளைய உடனே வேலைய விட்டுத் தூக்குங்க!"

மேலாளர் குலசிங்கம் யாழ்ப்பாணத்து வம்சம், அதிர்ந்து பேசாதவர். பிரிஜட்டைக் கூப்பிட்டனுப்பிவிட்டு, "என்ன சாமான் காணாமல் போனது, ஐயா?" என்றார்.

"ஒரு... பொருள்."

"என்ன பொருள்?"

கடலில் இறங்கக் கழற்றிய கைக்கடிகாரம் சட்டைப் பையில் பத்திரமாக இருக்க, அழகப்பன் வெறும் மணிக்கட்டை நீட்டினார். "தங்க வாட்ச்!"

அப்போதுதான் உள்ளே வந்த பிரிஜட்டின் காதில் அது விழுந்தது. விளையாட்டு விபரீதமாகிவிட்டதே, மாதாவே! ஈசூனில் புது வீட்டுக்குக் குடிபோன கையோடு கணவன் ஆம்ப்ரோஸுக்குக் கப்பல் பட்டறை வேலை போயிருந்தது. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. திருடி என்று பேர் வாங்கி வெளியே போனால் வேறெந்த விடுதி சேர்க்கும்?

"பிரிஜட், நீர் எடுத்தனீரோ?"

பயம் போய் ஆத்திரம் வந்தது அவளுக்கு. "வாட்ச் எடுக்கல சார். போலீஸைக் கூப்பிடுங்க லா! என் பை, டிராலி எல்லாம் பாக்கட்டும். அவர் பெட்டியையும் பாக்கட்டும்!"

"போலீஸ் எதுக்கு?" அழகப்பன் பெட்டியைக் காலுக்குப் பின்னால் தள்ளினார். தள்ளிய இடமெல்லாம் ஈரம். பளபளத்த தரையில் ஒரு சின்ன ஓடை புறப்பட்டுக் குலசிங்கத்தின் சப்பாத்துக் கால் வரை வந்தது. கடல் வாடை குப்பென்று அடித்தது. வாளியில் இருந்தது பெட்டிக்குள் அடங்காமல் போன மிச்சம் என்பது பிரிஜட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார்," என்றாள் பணிவாக, "உங்க வாட்ச் ஒழுகுது."

அழகப்பன் சட்டைப் பையைத் தடவினார். "அடடே, இங்கதான் இருக்கு!" என்றார். படகு சங்கு ஊதியது. பெட்டியை மறந்தவர்போல வேகமாக நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

குலசிங்கம் பெட்டியைத் தூக்கி அவள் டிராலியில் வைத்தார். பிரிஜட் தலைகுனிந்து நின்றாள். பிரஷ் சங்கதி இனித்தான் வெடிக்கும், வேலை போனது போனதுதான் என்று நினைத்தாள்.

"கெதியாக் கொண்டுபோய் விடும், உயிரோட இருக்கேக்கை," என்றார் அவர். "இண்டைக்கு மற்றப் பக்கத்தால இறங்கும். நீர் ஒவ்வொரு நாளும் வாளியோட போய் இறங்கிற இடம் சரியான வழுக்கல்."