இல்லை என்று சொல்லும் பக்கம்

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஆஷிக் குழு கொடுத்த தலைப்பு மூன்று வரி நீண்டது. செயற்கை நுண்ணறிவு, கல்வராயன் மலைச் சுற்றுலா, நேரலைப் பேருந்துத் தடம் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றிருந்தன. சேலத்து புராஜெக்ட் சென்டர் ஒன்றில் அதை ஆயத்தமாக வாங்கினார்கள் என்ற தகவல் மட்டும் இடம்பெறவில்லை.

பௌசியாவும் ரம்யாவும் கொடுத்த தாளில் ஒரே வரி: வாடகைப் பாத்திரங்கள் எந்த நாளில் கிடைக்கும் என்று காட்டும் இணையப் பக்கம்.

துறைத் தலைவர் அருள்மொழி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“லாகின் இல்லையாம்மா?”

“இல்ல மேடம்.”

“பணம் கட்டுற வசதி?”

“இல்ல மேடம். வேணும்னா போன் பண்ணுவாங்க.”

“அப்ப இந்த வெப்சைட் என்னதான் செய்யும்?”

“இல்லன்னு சொல்லும் மேடம்” என்றாள் பௌசியா. “எங்க அத்தாவுக்கு அது வராது.”

“அதுக்கு ஒரு போர்டு எழுதி மாட்டினா போதுமே” என்றான் பின்வரிசையிலிருந்து ஆஷிக்.

பௌசியாவின் தந்தை தஸ்தகீர் கள்ளக்குறிச்சியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். சுபகாரியம் என்று கேட்டு வந்தவரிடம் இல்லை என்பது அவரைப் பொறுத்தவரை அவமரியாதை. எல்லோருக்கும் ‘பாத்துக்கலாம்ங்க’ என்றே சொன்னார். சென்ற ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் வெள்ளிமலைக்கும் மணலூர்பேட்டைக்கும் அவ்வாறே சொல்லியிருந்தார். மணலூர்பேட்டையில் அடுப்பு மூட்டிய பிறகுதான், சோறாக்கும் பெரிய தேக்சாக்கள் அனைத்தும் டெம்போவில் மலைக்குப் போய்விட்டது தெரிந்தது. மணமகள் வீட்டார் கடை வாசலில் வந்து பேசியவற்றைப் பௌசியா உள்ளிருந்து கேட்டாள்.

அருள்மொழி ஒரு நிபந்தனை விதித்தார். “முதல் ரிவ்யூவுக்குள்ள உங்க அத்தா இத நெசமாவே பயன்படுத்தணும். இல்லன்னா ரெண்டு பேரும் ஆஷிக் டீம்ல சேர்ந்துடுங்க.”

சேர்வதாயின், தான் எழுதாத நிரலுக்குப் பிறர் எழுதித் தந்த விடைகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். பௌசியாவுக்கு அதில் விருப்பமில்லை.

முதலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு படம் வைத்தார்கள். ரம்யா, சிக்னல் குறைவான வெள்ளிமலையில் தன் வீட்டிலிருந்து திறந்து பார்த்துவிட்டு அழைத்தாள். “சுத்திக்கினே இருக்குதுடி. தேக்சா படம் வர்றதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிடும்.”

படங்களை நீக்கினார்கள். தேதிகள் மட்டும் எஞ்சின: கிடைக்கும் நாள் பச்சை, கிடைக்காத நாள் சிவப்பு. பக்கம் மலையிலும் உடனே திறந்தது. யாருக்காவது வாக்குக் கொடுத்ததும் தஸ்தகீர் அந்தத் தேதியை அமுக்கிச் சிவப்பாக்க வேண்டும்.

“நல்ல காரியத்துக்குக் கேக்கறவங்ககிட்ட இல்லன்னா மனசு சங்கடப்படுவாங்கம்மா.”

“நீங்க சொல்ல வேணாம்த்தா. சிவப்பு சொல்லும்.”

“சிவப்ப நான்தானே அமுக்கறேன்?”

ஆயினும் அமுக்கினார். ஆனால், சிவப்பான நாளைக் கேட்டு ஒருவர் அழைத்தால் என்ன சொல்வார் என்பதை மகளாலும் உறுதியாகக் கூற முடியவில்லை.

ரிவ்யூ அன்று முதலில் வந்தது ஆஷிக் குழு. திரையில் பேருந்து சீராக நகர்ந்தது. அருள்மொழி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரைபடத்தை உற்றுப் பார்த்தார்.

“இது ஏற்காடுல்ல? பேர மாத்தினீங்க சரி, மலைய மாத்தலையா?”

ஆஷிக் அடுத்த ஸ்லைடுக்குத் தாவினான். மனப்பாடம் செய்தவற்றில் அந்தக் கேள்வி இல்லை.

அடுத்து பௌசியாவின் முறை. அருள்மொழி தமது கைபேசியிலேயே பக்கத்தைத் திறந்தார். தை மாதக் கடைசி முகூர்த்தம் சிவப்பாக இருந்தது. அதிலிருந்த எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டார். ரம்யா பௌசியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சொல்லுங்கம்மா” என்றார் தஸ்தகீர்.

“தை கடைசி முகூர்த்தத்துக்குப் பெரிய தேக்சா நாலு வேணும்.”

“எந்த ஊருங்க?”

“உளுந்தூர்பேட்டை. எங்க அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம்.”

“நல்லதுங்க.” வழக்கமாக இதற்கடுத்த சொல் ‘பாத்துக்கலாம்’. மறுமுனையில் பாத்திரம் ஒன்றை யாரோ இழுத்து வைத்தார்கள்.

“இல்லீங்கம்மா” என்றார் தஸ்தகீர். “அன்னிக்கி எல்லாம் போயிடுச்சி. வெப்சைட்ல சிவப்பா இருக்குது பாருங்க.”

“வாடகை ஜாஸ்தி தரேங்க.”

“ஜாஸ்தி குடுத்தாலும் தேக்சா ஜாஸ்தி ஆவாதுங்களே. சின்னசேலத்துல ஒரு கடை இருக்குது, நம்பர் தரட்டுங்களா?”

வகுப்பு சிரித்தது. அருள்மொழியும் சிரிப்பை முழுவதுமாக மறைக்கவில்லை. நன்றி கூறித் தொடர்பைத் துண்டித்து, தாளில் அந்த ஒற்றை வரியின் கீழ் ஒப்பமிட்டார்.

“நான் பார்த்ததுல, காலேஜ் வாசல தாண்டி வெளிய போன முதல் புராஜெக்ட் இதுதான்” என்றார்.

பௌசியா வராந்தாவுக்கு வந்து தந்தையை அழைத்தாள். அவள் பேசத் தொடங்குமுன் அவரே பேசினார்.

“இப்ப ஒரு அம்மா பேசினாங்கம்மா. இல்லன்னுட்டேன். கோவிச்சிக்கவே இல்ல. தேங்க்ஸ் சொல்லிட்டு வச்சாங்க.”

“மேடம் அப்ரூவ் பண்ணிட்டாங்கத்தா.”

“எந்த மேடம்?”