இடுப்பு உயர மேஜை

கார் ஷெட் வேலை ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று டெஸ்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிவிட்டது. சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிவதால் அவருக்கு அந்தப் பெயர். ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர். தலைசுற்றல் வந்து, இனி ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு தொழிலை விட்டார். ஒரு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை. பழைய காரை விற்றுவிட்டு, காலியான ஷெட்டை மனைவிக்குத் தையல் அறையாக்கித் தருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

மனைவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முப்பது வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் தைக்கிறவள். வேளைக்கு வேளை மெஷினைத் தூக்கி மூலையில் வைத்து, துணியைச் சுருட்டி, தட்டு போட்டு, துடைத்து, மறுபடியும் மெஷினைத் தூக்க வேண்டும். எடுத்து வைக்க வேண்டாத ஒரு மேஜை இருந்தால் போதும் என்றாள்.

அதோடு விடுகிற ஆளா அவர்? ஷட்டரைக் கழற்றிச் சுவர் எழுப்பி, ஜன்னல் வைக்கச் செய்தார். எண்ணெய்க் கறை பிடித்த தரையைச் சுரண்டி டைல்ஸ் ஒட்டினார். சுவருக்கு ஆள் வைத்து வெள்ளை அடித்தார். கண் கூசுகிறது என்று மறுவாரமே மாற்றினார். சுவரில் கையெட்டும் உயரத்தில் மாட்டிய மின்விசிறி முனகுகிறது என்று கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். எப்போது கேட்டாலும் இன்னும் ஒரே வாரம்தான் என்பார். அறை முடிந்துவிட்டால் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவருக்கு உள்ளூர உதறல். அதை வாய்விட்டுச் சொல்வாரா? புதிதாக ஒரு குறையைக் கண்டுபிடிப்பார்.

பொறுத்துப் பார்த்தவள் ஒரு காலையில் கேட்காமல் கொள்ளாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தாள். அவர் அடித்துப் போட்டிருந்த மேஜைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜை அவள் மார்புக்கு வந்தது. காலால் மிதிக்கிற பெடல் தரையைத் தொடாமல் அந்தரத்தில் ஆடியது. பிளக்கோ எழுந்து நின்றால்தான் எட்டும்.

டெஸ்டர் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்தவர். மேஜை என்றால் இடுப்பு உயரம், பிளக் என்றால் தோள் உயரம். யோசிக்காமலே கை அப்படிச் செய்துவிட்டது. அவள் தைத்து அவர் பார்த்ததில்லை. இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கு மேஜைமேல் தட்டுதான் இருக்கும். இந்த ஏழு மாதமோ பகலெல்லாம் ஷெட்டுக்குள்ளேயே கிடந்தார்.

உயரமான ஸ்டூல் வாங்கிவிடலாம், கால் வைக்க ஒரு கட்டை அடித்துவிடலாம், ஒரே வாரம் என்று அவர் ஆரம்பித்தார்.

"நான் உட்கார்ந்து தைக்கிறவ. அதுகூடவா தெரியாது?" என்றாள். கோபம்கூட இல்லை குரலில். அதுதான் அவரைச் சுட்டது.

மறுநாளிலிருந்து அவள் இரண்டு தெரு தள்ளியிருந்த தையல் கடைக்குப் போக ஆரம்பித்தாள். கடைக்கார அம்மா ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இடம்தான். டெஸ்டர் மூன்று நாள் ஷெட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். டைல்ஸைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். அவள் வராவிட்டால் இது வெறும் ஷெட்தான் என்று உறைத்தது. நான்காம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வரிசையாக ஐந்து மெஷின்கள். கடைசியில் அவள். இடது முழங்கை மேஜைமேல் படிந்திருக்க, வலது பாதம் பெடலில், கழுத்து ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. துணி அவள் விரலுக்கு அடியில் தானாக ஓடியது. இவ்வளவு வேகமாகத் தைப்பாளா? தன் வீட்டு ஆளைத் தெருவில் நின்று பார்க்கிற நிலைமை என்று வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

உள்ளே போய், மற்றவர்கள் பார்க்கப் பார்க்கத் தரையில் உட்கார்ந்து, டேப்பை இழுத்து அவள் முழங்கை உயரத்தை அளந்தார். யாரோ சிரித்தார்கள். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"மேஜைக் காலை அறுக்கணும்," என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "முடிச்சுட்டா அப்புறம் நான் என்ன பண்றதுன்னு தெரியல. அதான் இழுத்துட்டே போனேன்," என்றார்.

அவள் மெஷினை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"முதல்ல முடிங்க. இன்னிக்கே முடிங்க. அப்புறம் என்னன்னு ரெண்டு பேருமா பார்த்துக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் பிளக்கை இறக்கினார். நான்கு கால்களையும் அறுத்தார். அவசரத்தில் ஒரு கால் நூலளவு குட்டையாகி, மேஜை ஆடியது. நான்கையும் மறுபடி அளந்து சீராக அறுக்கக் கை துறுதுறுத்தது. வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. டெஸ்டர் ஓர் அட்டையை மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். மெஷினைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.