வாய் திறப்பதில்லை

குணாளன் அந்த மதிப்பெண் அட்டையை மூன்று தடவை படித்தான். அட்டை என்றால் கையில் கொடுத்த அட்டை இல்லை, போனில் வந்த படம். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தான். கவிப்பிரியா, இரண்டாம் வகுப்பு. கணக்கு பரவாயில்லை. தமிழ் நன்று. அடியில் ஆசிரியர் குறிப்பு என்ற இடத்தில், 'வகுப்பில் வாய் திறப்பதில்லை. பெற்றோர் வீட்டில் ஊக்கம் தர வேண்டும்' என்று எழுதியிருந்தது.

வேறு யாருக்கோ எழுத வேண்டிய குறிப்பு மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். தினமும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனே அவன்தானே. சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் அவனுக்கு எப்போதும் மதியம் தொடங்கி நள்ளிரவில் முடியும் செகண்ட் ஷிப்ட். மனைவி கன்னியம்மா காலை ஏழு மணிக்கே பிஸ்கட் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவாள். கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு கவியின் படிப்பு அவன் பொறுப்பு என்று ஆகிவிட்டது. இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டான். மேலே யூனிபார்ம் சட்டையும் கீழே வீட்டுப் பாவாடையுமாக அவளை உட்கார வைத்து, அரிசி டிரம்மின் மீது போனைச் சாய்த்து வைப்பான். எட்டாவதோடு நின்றவன் அவன். மறுநாள் பாடத்தை முந்தின நாளே ஒருமுறை தனக்குள் படித்துப் பார்த்துக்கொள்வான். மிஸ் கேள்வி கேட்டதும் கவி கையைத் தூக்குவாள். தூக்கிய கை இறங்குவதற்குள் பதிலைச் சொல்லியும் விடுவாள். போனிலிருந்து 'வெரி குட்' என்று வரும். உடனே திரும்பி அப்பாவைப் பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்காகவே அவன் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருந்தான் என்று சொல்லலாம்.

அப்படியிருக்க வாய் திறப்பதில்லை என்றால் என்ன அர்த்தம்? யோசித்து யோசித்து, குரல் போதவில்லை போலிருக்கிறது என்று அவனாகவே முடிவு செய்தான். அவர்கள் குடியிருந்த, சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளுக்கு முன்னால் இருப்பது ஆலைக்குப் போகும் ரோடு. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் காலையிலிருந்தே தடதடவென்று போய்க்கொண்டிருக்கும். அதையும் மீறிக் கேட்க வேண்டுமே. இன்னும் சத்தமாகப் பேசு, போனுக்குக் கிட்டப் போய்ப் பேசு என்று பழக்கினான். கவியும் கத்தினாள். பத்து நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்து மறுபடி உட்கார வைத்தான். ஒரு நாள் அவள் சோர்ந்துபோய் மெதுவாகப் பதில் சொன்னபோது, "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற?" என்று அதட்டியும் விட்டான். கண்ணில் நீர் முட்ட, நரம்பு புடைக்க, அவள் அதே பதிலைத் திரும்பக் கத்தினாள்.

ஒரு புதன்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டு ஜெனிபர் வந்து வாசலில் நின்றாள். வீட்டிலேயே கோணிப்பை தைக்கிறவள். அவள் மகள் ஜெபாவும் கவியின் வகுப்புதான்.

"அண்ணா, மிஸ் பேசறது ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் வந்து பாரேன்ணா."

வகுப்பைக் கவனிக்கும்படி கவியிடம் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனான். பெரிய கோளாறு இல்லை. சத்தம் முழுக்கக் குறைந்திருந்தது, கூட்டிவிட்டான். மிஸ்ஸின் குரல் வந்தது. மழை வந்தால் தோகை விரிக்கும் பறவை எது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிள்ளைகளின் முகங்கள். ஒரு கட்டத்தில் கவி, கையைத் தூக்கியபடி.

"மயிலு மிஸ்! மயிலு!"

அந்தக் குரல் சுவர் வழியாக வந்தது. ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டி, கட்டிப்போன தொண்டையோடு, பக்கத்து அறையிலிருந்து வந்தது. போனில் வரவில்லை. போனில் கவியின் வாய் மட்டும் திறந்து மூடியது. அடுத்த நொடி வேறு ஏதோ பையனின் குரல், மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத ஏதோ ஒரு வீட்டிலிருந்து, தெளிவாக 'மயில் மிஸ்' என்றது. "வெரி குட்" என்றாள் மிஸ். சுவருக்கு அந்தப் பக்கம் கவி சிரித்தாள். அவன் உட்காரும் இடத்தை அவள் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

குணாளன் ஜெபாவின் போனில் இருந்த சிவப்புக் கோடு போட்ட மைக் குறியை அழுத்தினான். ஏதோ எழுத்து வந்தது. கூட்டிக் கூட்டிப் படித்தான். வகுப்பு நடத்துகிறவர் திறந்துவிட்டால்தான் நீங்கள் பேச முடியும் என்பது போல இருந்தது. அவன் போனிலும் அதே கோடு உண்டு. எல்லாருக்கும் அப்படித்தான் போல என்று இத்தனை நாளும் விட்டிருந்தான். வகுப்பு முடிகிறவரை அசையாமல் நின்று பார்த்தான். ஒவ்வொரு கட்டமாகக் கோடு போய்த் திரும்ப வந்தது. ஐந்து கட்டங்களில் மட்டும் கடைசிவரை போகவே இல்லை. ஐந்தும் இந்த லைன் வீட்டுப் பிள்ளைகள்.

ஜெனிபருக்கும் அதே குறிப்பு வந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் ஜெபாவைக் கிட்டே இழுத்தாள். ஜெபாவின் பாவாடையை லேசாக விலக்கினாள். தொடையில் கன்றிப்போன கிள்ளல் தடங்கள். "வாய தொற, வாய தொறன்னு நான்தாண்ணா..." என்றவள் அதற்கு மேல் சொல்லாமல் கோணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குணாளன் வீட்டுக்கு வந்து தன் போனை எடுத்தான். மிஸ்ஸுக்கு நான்கு முறை போன் போட்டான். எடுக்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று கவியிடம் சொன்னான். அவள் குதித்துக்கொண்டு முகம் கழுவி, மாஸ்க் போட்டு, வண்டியில் பின்னால் ஏறினாள். ஏன் போகிறோம் என்று அவன் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பிள்ளைகள் வராவிட்டாலும் டீச்சர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துதான் வகுப்பு எடுத்தார்கள். கேட்டில் இருந்த வாட்ச்மேன் தேசப்பன் உள்ளே விட உத்தரவு இல்லை என்றார். அப்படியென்றால் மிஸ்ஸை இங்கே கூப்பிடுங்கள், வரும்வரை நான் போகமாட்டேன் என்று குணாளன் வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினான். கால் மணி நேரம் கழித்து ரோசம்மாள் மிஸ் வந்தாள். நடுத்தர வயது. கையில் இன்னும் சாக்பீஸ் தூள். அவளும் வசதிக்காரி இல்லை, தினமும் அத்திப்பட்டிலிருந்து ரயிலேறி வேலைக்கு வருகிறவள்தான்.

எதற்காக எங்கள் பிள்ளைகளின் குரலை மூடிவைத்தீர்கள் என்று கேட்டான். அவள் மறைக்கவில்லை. லாரிச் சத்தம், குழாயடிச் சண்டை, டிவி எல்லாம் சேர்ந்து வருகிறதென்று மற்ற பெற்றோர் நிர்வாகத்திடம் புகார் சொன்னார்களாம். அந்த ஐந்து பேரை மூடியே வைக்கும்படி மேலிருந்து சொல்லிவிட்டார்களாம். வகுப்பு தொடங்கிய ஜூன் மாதத்திலிருந்தே அப்படித்தானாம்.

"சத்தம் வருது, மூடுனீங்க. சரி மிஸ், அது உங்க இஷ்டம்," என்றான் குணாளன். கத்தக் கூடாது என்று கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்பால இன்னாத்துக்கு வாய் தொறக்கலன்னு எழுதுனீங்க? நீங்களே வாய அடச்சிட்டு, பேசலன்னு எழுதுவீங்களா? அந்த ஒரு வரிக்கு எம் பொண்ண நான் திட்டுனேன் மிஸ். பக்கத்து ஊட்ல ஒரு பொண்ணுக்குத் தொட கன்னிப்போயி கீது. ஊக்கம் குடுன்னு வேற எங்களுக்குப் புத்தி சொல்றீங்க."

ரோசம்மாள் மாஸ்க்கைச் சரி செய்வது போல முகத்தைத் தொட்டாள். எல்லாருக்கும் ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றார்கள், எனக்குக் கேட்காத பிள்ளைக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றாள். சொன்ன பிறகு அது அவள் காதுக்கே எப்படியோ இருந்திருக்க வேண்டும். பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எழுதுனத மாத்திக் குடுங்க மிஸ். அஞ்சு பேருக்கும்."

"நானா மாத்த முடியாதுங்க. ஆபீஸ்ல கேக்கணும்."

"அப்போ ஆபீஸக் கூப்புடுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

அப்போதுதான் கவி வண்டியிலிருந்து இறங்கி வந்திருப்பதை அவன் பார்த்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே நிமிர்ந்து மிஸ்ஸைப் பார்த்தாள்.

"மயிலு சொன்னனே மிஸ், அது கேக்கலியா?"

ரோசம்மாள் இல்லை என்று தலையாட்டினாள்.

"ரெண்டாம் வாய்ப்பாடு?"

அதற்கும் தலைதான் ஆடியது.

"ஒண்ணுமேவா மிஸ்?"

தேசப்பன் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிஸ்ஸையும் கவியையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டைத் திறக்கவும் இல்லை, அவர்களைப் போகச் சொல்லவும் இல்லை. ரோசம்மாள் புடவையை ஒதுக்கிக்கொண்டு மெல்லத் தரையில் குந்தினாள். அவள் முகம் இப்போது கவியின் முகத்துக்கு நேராக இருந்தது.

கவி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கினாள். பிறகு, கரகரத்த குரலில், ஜூன் மாதத்து முதல் பாடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.