கூரைத் துணிக்கு நாலு கை

எவ்வளவு சாய்த்துப் பார்த்தும் அட்டை உள்ளறை வாசலில் நுழையவில்லை. நிமிர்த்தினால் மேலே இடித்தது. படுக்கவைத்தால் இரண்டு பக்கமும் முட்டியது. கொஞ்சம் வளைத்தால் என்ன என்று மருமகன் நினைத்துக் கையில் அழுத்தம் கொடுத்ததும் நடுவில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்படியே விட்டுவிட்டான்.

"வளைக்காதீங்க," என்றார் மாமியார், நாற்காலியில் இருந்தபடியே. "ஒரு தடவை மடிஞ்சா அந்த மடிப்பு போகாதாம்."

அது மாமனாருடைய பழைய காரின் உட்கூரை. அழுத்திச் செய்த கெட்டி அட்டை. காருக்குள் இருக்கும்போது அது இவ்வளவு பெரிது என்று யாருக்கும் தெரியாது. இப்போது ஹாலில் இரண்டு முக்காலிகளின் மேல் ஒரு கட்டில் அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. மூன்று மணிக்கு மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து இந்த ஹாலுக்குத்தான் கொண்டுவரப் போகிறார்கள். மணி பத்தரை ஆகியிருந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க போய் ஹாலைக் காலி பண்ணுங்க. அம்மா கூட இருங்க," என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் அழவில்லை. அவனும் அழவில்லை. விடியும்போது நர்ஸ் வந்து சொன்னதிலிருந்து அவனுக்குக் காதில் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது. பேசுகிறவர்கள் பேசுவது கேட்டது. ஆனால் எதுவும் பக்கத்தில் இல்லை.

வெளியே மழை விடுவதாக இல்லை. எதிர்வீட்டு பிளம்பர் குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"பிளாஸ்டிக் ஷீட் தர்றேன். சுத்தி வெளிய சாத்தி வச்சிடலாமா?"

"ஊறிப் போயிடும்," என்றார் மாமியார்.

"அப்ப கார்லயே மாட்டிட வேண்டியதுதான். வேற எங்க வைக்கிறது?"

"துணி ஒட்டாமயா? அப்புறம் மறுபடி கழட்டணும்." மாமியார் அட்டையைப் பார்த்தார். "கழட்டறதுக்கு யாரு இருக்கா?"

அவர் முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். ஊர் பிறப்பும் இறப்பும் அவர் காது வழியாகப் போயிருக்கின்றன. எதையும் ஒரே குரலில்தான் சொல்வார். இதையும் அந்தக் குரலில்தான் சொன்னார். பிளம்பர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மாட்டும்போது கூப்பிடுங்க, வர்றேன்," என்று போய்விட்டார்.

அந்தக் காரின் கூரைத் துணி தொங்க ஆரம்பித்து இரண்டு வருஷம் இருக்கும். முதலில் பின்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்குப் புடைத்தது. பிறகு முன்னால் வந்தது. துணிக்கும் அட்டைக்கும் நடுவில் இருந்த பஞ்சு மட்கி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. ஓட்டுகிறவருக்குப் பின்கண்ணாடி பாதி மறைந்தது; பக்கத்தில் இருப்பவர் தலையில் துணி வந்து உட்கார்ந்தது. மாமனார் குண்டூசிகளைக் குத்தி வைத்தார். வேகத்தடையில் ஏறி இறங்கினால் இரண்டு ஊசி மடியில் விழும். "வண்டிக்குள்ள துணி காயப்போட்டிருக்கார் எங்கப்பா," என்று மனைவி சொல்வாள். கடையில் கொடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் மாமனாருக்கு ஆகாது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட்களைச் சோதனை செய்தவர். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பேர். பத்து மாடிக்கு ஆளைத் தூக்கும் கம்பியைப் பார்த்தவனுக்கு ஒரு கெஜம் துணி பெரிய விஷயமா என்பார்.

சனிக்கிழமை காலை அவனுக்குப் போன் செய்திருந்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு சும்மாத்தான இருப்பீங்க? கூரையை இறக்கப் போறேன். துணி, பஞ்சு, பசை எல்லாம் வாங்கியாச்சு. ரெண்டு கை பத்தாது, நாலு கை வேணும்."

"இல்ல மாமா, அவசர வேலை ஒண்ணு வந்திருக்கு மாமா. ஆபீஸ் போகணும் மாமா. அடுத்த வாரம் பார்க்கலாமா மாமா?"

"அதுக்கென்ன, பார்க்கலாம்," என்று வைத்துவிட்டார்.

அவன் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை அச்சகமே மூடியிருக்கும். அன்று முழுக்க சோபாவில் படுத்து, யார் ஜெயித்தாலும் கவலையில்லாத ஒரு மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் கூட நின்று வேலை செய்தால் ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு பாடம் கேட்க வேண்டும், அந்தச் சோம்பல்தான். வேறு காரணம் எதுவுமில்லை. அந்தப் போன் வந்ததை மனைவியிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் மாமனாருக்கு நெஞ்சு வலித்தது. புதன் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

டாக்டரிடம், கனமாக எதையாவது தூக்கினால் இப்படி வருமா என்று அவன்தான் கேட்டான். "எதனாலயும் வரலாம். சும்மா உக்கார்ந்திருந்தாலும் வரலாம்," என்றார் டாக்டர்.

இப்போது அவன் அட்டையின் மேல் குனிந்து பார்த்தான். பழைய பஞ்சு முழுவதையும் மாமனார் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்திருந்தார். காரை வாங்கி வந்த நாள் முதல் யாரும் பார்க்காத அட்டையின் நிறம் தெரிந்தது. வலது மூலையில் மட்டும் ஒரு சாண் அளவுக்குப் பஞ்சு அப்படியே இருந்தது. பிரஷ் அதற்குப் பக்கத்தில் கிடந்தது.

பிரஷ்ஷை எடுத்து அந்த ஒரு சாணையும் சுரண்டினான். மஞ்சள் பொடி விரல் இடுக்குகளில் பிசுபிசுவென்று ஒட்டியது. சுரண்டி முடித்ததும் எது அவர் செய்தது, எது தான் செய்தது என்று தெரியாமல் போயிற்று. பசை டப்பாவின் பின்னால் இருந்ததை, ஆபீஸ் பழக்கத்தில், முற்றுப்புள்ளி விடாமல் இரண்டு தடவை படித்தான். எழுந்து ஜன்னல்களைத் திறந்தான்.

"அத்தை, நீங்க உள்ள போய்ப் படுங்க. பசை நெடி அடிக்கும்."

"படுத்து என்ன செய்யப் போறேன்? ஒரு ஆளால துணியை விரிக்க முடியாது. அந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்."

அவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தார். பின்புறம் மெல்லிய பஞ்சு வைத்த சாம்பல் நிறத் துணி. சுருட்டி வைத்திருந்ததை விரித்து, பாதியைப் பின்னால் மடித்துக்கொண்டார்கள். அவன் அட்டையிலும் துணியிலும் பசையை அடித்தான். உடனே ஒட்டக்கூடாது, காய்ந்தும் காயாமலும் இருக்கும் பதத்தில் ஒட்டவேண்டும். ஒட்டியபின் உரித்தால் பஞ்சு பிய்ந்துவிடும். இரண்டு பேரும் அட்டையின் இரண்டு பக்கமும் நின்று ஐந்து நிமிஷம் சும்மா இருந்தார்கள். மாமியார் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனார்கள். விளக்கு வருகிற பள்ளத்தில் துணி இழுத்துக்கொண்டது. அங்கே அவன் விரல் நுனியால் மெதுவாக அழுத்தினான்.

"சனிக்கிழமை உங்களுக்குப் போன் பண்ணாரே," என்றார் மாமியார், கையை எடுக்காமல்.

"ஆமா அத்தை."

"வேலைன்னு சொன்னீங்களாம்."

"ம்."

"நாலு தடவை மாமான்னீங்களாம். எண்ணிட்டு வந்து சொன்னார். 'மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் இல்ல, பொய் சொல்றப்ப மட்டும் மரியாதை கூடிப்போயிடும்'னார்."

அவன் கை அந்தப் பள்ளத்திலேயே நின்றது.

"கோவமா இருந்தாரா?"

"சிரிச்சார். கோவம் எதுக்கு? அவர் கூட வேலை செய்ய எனக்கே பிடிக்காது. ஒரு பல்பு மாட்ட ஒரு மணி நேரம் பேசுவார்." கொஞ்சம் கழித்து, "அந்த ஓரத்தை இழுத்துப் பிடிங்க, சுருங்குது," என்றார்.

இழுத்துப் பிடித்தான். மற்றப் பாதியையும் ஒட்டி, மிச்சத் துணியை ஓரத்தில் மடித்து அழுத்தி முடிக்கும்போது மணி ஒன்றரை. பின்பக்கம் ஒரு இடத்தில் மெல்லிய சுருக்கம் விழுந்துவிட்டது. சொல்லிக் காட்டினால் ஒழியத் தெரியாது. மாமனார் இருந்திருந்தால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டியிருப்பார்.

பிளம்பர் வந்தார். மழை சற்றே விட்ட நேரம் பார்த்து, பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, மூன்று பேருமாக அட்டையைத் தூக்கிப்போய், முன் இருக்கைகளைச் சாய்த்துவிட்டு, காரின் பின்கதவு வழியாக நுழைத்தார்கள். அது மடங்காமல் உள்ளே போயிற்று. பிளம்பர் தலையால் முட்டுக்கொடுத்து நின்று, ஓரங்களைச் செருகியபின் போனார். மருமகன் ஸ்க்ரூடிரைவரோடு முன்னால் ஏறினான். மாமியார் பின்னால் உட்கார்ந்து, "இந்தாங்க, ஸ்க்ரூ," என்று ஒரு நீள டப்பாவை நீட்டினார்.

ஏழு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொரு மூடியிலும் ஒரு கிழமை. ஞாயிறில் விளக்கின் திருகுகள், திங்களில் வெயில் தட்டியினுடையவை, செவ்வாயில் கைப்பிடிகளுக்கானவை. ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதத்தில் பொடி எழுத்தில் குறித்து வைத்திருந்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

விளக்கை மாட்டி முடித்து, வெயில் தட்டிக்குத் திருகு எடுக்கும்போதுதான் அவனுக்கு அது என்ன டப்பா என்று உறைத்தது. திரும்பவில்லை. கண்ணாடியில் மாமியாரின் முகம் தெரிந்தது.

"அவரோட மாத்திரை டப்பாதான்," என்றார் அவர். "ஸ்க்ரூ தொலைஞ்சிடும், ஏதாவது கொடுன்னார். கைக்கு அதுதான் அகப்பட்டது. மாத்திரையெல்லாம் ஒரு கிண்ணத்தில கொட்டிட்டு, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை."

அவன் திருகைச் சுற்றினான். அது முழுதாக இறங்கியபின்னும் சுற்றினான்.

"அப்புறம் போட்டுக்கிட்டாரா?"

"போட்டாச்சான்னு கேப்பேன். ம்பார். அவர் எல்லாத்துக்கும்தான் ம்பார்." மாமியார் கதவுக் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தார். "கிண்ணத்தில எத்தனை இருக்குன்னு நான் எண்ணிப் பார்க்கல. இன்னும் பார்க்கல."

"அத்தை, டாக்டர் சொன்னார், எதனாலயும்..."

"சொன்னார், சொன்னார். நானும் கேட்டேன்."

செவ்வாய் மூடியைத் திறந்து, ஒரு கைப்பிடியின் இரண்டு திருகுகளை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

"அவகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்," என்றார்.

எதை என்று அவன் கேட்கவில்லை.

இரண்டேகாலுக்கு ஹாலைப் பெருக்கினான். முக்காலிகளை எடுத்துவைக்க உள்ளே போனபோது, சமையலறைத் தொட்டியருகே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. சுற்றிலும் ஈரம். மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனைக் கடந்து போனார்.

மூன்று மணிக்குக் கொண்டுவந்தார்கள். மனைவி முதலில் இறங்கி, ஹாலைப் பார்த்துவிட்டு, "அந்த அட்டை எங்க?" என்றாள்.

"மாட்டியாச்சு."

"யாரு?"

"நானும் அத்தையும்."

"உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"முக்காவாசி அவரே செஞ்சு வச்சிருந்தார்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தான். அதற்குள் தூக்கி வந்தவர்கள், தலை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவள் காட்டினாள்.

தெருவில் இருந்தவர்கள் வந்தார்கள், நின்றார்கள். சிலர் லிஃப்ட்காரரின் கதைகளைச் சொன்னார்கள். மாட்டிக்கொண்ட லிஃப்ட்டுக்குள் இருந்த ஒரு பெண்ணை அமைதிப்படுத்த, வெளியே உட்கார்ந்து நாற்பது நிமிஷம் லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினாராம். கதவு திறந்ததும் அந்தப் பெண், போதும் நிறுத்துங்கள் என்றுதான் முதலில் சொன்னாளாம். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மாமியாரும் லேசாகச் சிரித்தார். மருமகன் செருப்புகளை வரிசையாக நகர்த்தி வைத்தான்.

நாலரைக்குக் கிளம்பினார்கள். மாமனாரை ஏற்றிய வண்டி முன்னால் போயிற்று. மருமகன் காரை எடுத்தான். மனைவி பக்கத்தில் ஏறி, பழக்கத்தில் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே உட்கார்ந்தாள். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் நிமிர்ந்தாள். மேலே பார்க்கவில்லை.

"நெடி அடிக்குது," என்றாள்.

"புதுப் பசை. ரெண்டு நாள்ல போயிடும்."

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். சாரல் உள்ளே வந்து அவள் முழங்கையில் பட்டது. ஏற்றவில்லை. பின்னால் மாமியார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். பின்கண்ணாடி முழுதாகத் தெரிந்தது. பின்னால் யாருமில்லாத ஈரச் சாலை.

பெரிய சாலைச் சந்திப்பில் முன்வண்டி கடந்துவிட்டது. இவர்கள் நெருங்குவதற்குள் சிவப்பு விழுந்தது. குறுக்கே ஒரு பஸ் போயிற்று. அதன் பின்னால் லாரிகள். அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

"விட்டுட்டமா?" என்றாள் மனைவி.

"இல்ல, பிடிச்சிடலாம்."

"அவசரமில்ல," என்றார் மாமியார்.

லாரிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. சந்திப்பைத் தாண்டி, ஒரு மூடிய கடையின் முன்னால் ஓரமாக ஒதுங்கி, அந்த வண்டி இவர்களுக்காக நின்றுகொண்டிருந்தது. மழையில் அதன் ஒரு பக்க விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.